படுக்கையில் கிடந்தோரை எழுப்பி இருத்திய அகதி வைத்தியர்

உயிரைக் காப்பாற்றுவது ஒரு வைத்தியம். காப்பாற்றப்பட்டவர் மீண்டும் நாலு பேரோடு நாலு பேராய் வாழ வழி செய்வது இன்னொரு வைத்தியம். முதலாவதைச் செய்வோரை நாம் கைகூப்பி வணங்குகின்றோம். இரண்டாவதைச் செய்வோரின் பெயரைக்கூட எம்மில் அநேகர் அறியோம். சத்திரசிகிச்சை முடிந்து, தையல் பிரித்து, 'இனி வீட்டுக்குக் கொண்டு போகலாம்' என்று வைத்தியர் கூறிய பின்னர்தான் பல குடும்பங்களுக்கு உண்மையான சோதனை ஆரம்பமாகின்றது. எழும்ப முடியாத மகனை எப்படித் தூக்குவது, எப்படிக் குளிப்பாட்டுவது, நாள் முழுவதும் சுவரைப் பார்த்துக் கிடப்பவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல் பெற்றோர் தவிக்கின்றனர். அந்தத் தவிப்பு தொடங்கும் இடத்திலேதான் புனர்வாழ்வு மருத்துவம் என்னும் துறையும் தொடங்குகின்றது.

அத்துறையைக் கட்டியெழுப்பியோருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் வைத்திய கலாநிதி லுட்விக் குட்மன். நாட்டையும் பதவியையும் இழந்து, மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் இங்கிலாந்தில் வந்திறங்கிய ஓர் அகதி அவர். மாற்றுத் திறனாளிகளின் உலக விளையாட்டு விழாவாகிய பராலிம்பிக்கின் தந்தை என்றே உலகம் இன்று அவரை அறிகின்றது. அது பொருத்தமான பட்டமே. ஆயினும் விளையாட்டு, அவரது பணி என்னும் மரத்தின் ஒரு கிளை மாத்திரமே. அதன் வேர் ஒரு வைத்தியசாலைக் கூடத்தில், இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதில் இருந்தது. அந்த வேரைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகின்றோம். போரினால் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட உறவுகளைக் கொண்ட எமது சமூகத்துக்கு அது மிகவும் வேண்டப்படுவதொன்றாகும்.

கைவிடப்பட்ட காயம்

எமது முள்ளந்தண்டின் உள்ளே முண்ணாண் என்னும் நரம்புத் தொகுதி மூளையிலிருந்து கீழிறங்கி ஓடுகின்றது. குண்டோ, எறிகணைச் சிதறலோ, பனையிலிருந்து விழுந்த விழுக்காடோ அதனை அறுத்துவிட்டால், அறுபட்ட இடத்துக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்வும் இல்லை. 3500 ஆண்டுகளுக்கு மேற்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடியொன்று இந்தக் காயத்தை விவரித்து, இது வைத்தியம் செய்யப்படத்தக்கதன்று எனத் தீர்ப்பளித்துள்ளது. அந்தத் தீர்ப்பு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரையில் ஏறக்குறைய மாறாமலே இருந்தது. முதலாம் உலகப் போரில் இவ்வாறு காயமடைந்தோரில் மிகப் பெரும்பான்மையோர் நீண்ட காலம் உயிர் வாழவில்லை.

குட்மன் 1899ஆம் ஆண்டு, அன்றைய ஜேர்மனியின் மேல் சைலீசியா என்னும் நிலக்கரிச் சுரங்கப் பிரதேசத்தில் ஒரு யூதக் குடும்பத்திலே பிறந்தவர். 1917இல், பதினெட்டு வயது இளைஞராக, ஒரு விபத்து வைத்தியசாலையில் தொண்டராகப் பணி செய்த வேளையில், முதுகு முறிந்த சுரங்கத் தொழிலாளி ஒருவர் கொண்டு வரப்பட்டார். திடகாத்திரமான இளம் மனிதர். அவரைப் பாரிஸ் சாந்துக் கட்டில் இட்டு, மற்ற நோயாளர் பாராவண்ணம் மறைப்புக்குப் பின்னால் கிடத்தினர். குட்மன் அவரது விபரங்களைக் குறிக்க முற்பட்டபோது, அது வீண் வேலை, சில வாரங்களில் இறந்துவிடுவார் என்று கூறப்பட்டது. ஐந்து வாரங்களில் அவ்வாறே நிகழ்ந்தது. அவர் இறந்தது முதுகு முறிவினால் அன்று. சிறுநீர்த் தொற்று இரத்தத்தில் கலந்தமையும் படுக்கைப் புண்ணுமே அவரைக் கொண்டு சென்றன. இவ்வேறுபாட்டை வாசகர்கள் மனதிற் கொள்ள வேண்டும். குட்மனின் பிற்காலச் சாதனை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே தங்கியிருக்கின்றது.

நோயைக் கண்டுபிடித்த இரவு

மருத்துவக் கல்வியை முடித்த குட்மன், பிரெஸ்லோ நகரில் புகழ்பெற்ற நரம்பியல் நிபுணர் ஒட்பிறிட் பேர்ஸ்ரரிடம் பயின்று, தாமும் சிறந்த நரம்பியல் வைத்தியரானார். இன்று அந்நகரம் போலந்துக்குரியது. 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும், யூத வைத்தியர்கள் பொது வைத்தியசாலைகளிலிருந்து விலக்கப்பட்டனர். குட்மன் பிரெஸ்லோ யூத வைத்தியசாலைக்குச் சென்று, 1937இல் அதன் பணிப்பாளரானார்.

1938 நவம்பர் 9ஆம் திகதி இரவு ஜேர்மனி எங்கும் யூதர்களின் கடைகள் நொறுக்கப்பட்டன. தொழுகைக் கூடங்கள் தீயிடப்பட்டன. ஆண்கள் ஆயிரக்கணக்கில் கைதாகினர். கறுப்பு யூலையை அறிந்த எமக்கு இதனை மேலும் விளக்கத் தேவையில்லை. அன்றிரவு வைத்தியசாலைக் கதவைத் தட்டும் எவரையும், கேள்வி கேளாது நோயாளியாக அனுமதிக்குமாறு குட்மன் கட்டளையிட்டார். மறுநாள் காலை இரகசியப் பொலிஸார் வந்து, ஒரே இரவில் இத்தனை பேருக்கு எவ்வாறு நோய் வந்தது எனக் கேட்டனர். குட்மன் அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துச் சென்று, ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நோயின் பெயரைச் சொன்னார். அனுமதிக்கப்பட்ட 64 பேரில் 60 பேர் கைதாகாமல் தப்பினர். நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க வேண்டிய வைத்தியர், அன்று உயிர் காப்பதற்காக நோயையே கண்டுபிடித்தார்.

அடுத்த மாதம், போர்த்துக்கல் சர்வாதிகாரி சலசாரின் நண்பர் ஒருவருக்கு வைத்தியம் பார்க்கவென நாசி அரசே அவரை லிஸ்பனுக்கு அனுப்பியது. திரும்பும் வழியில் இலண்டனில் தங்கியபோது, அகதிக் கல்விமான்களுக்கு உதவும் சங்கம் ஒன்று அவருக்கும் குடும்பத்துக்கும் புகலிடம் பெற்றுக் கொடுக்க முன்வந்தது. 1939 மார்ச்சில் குடும்பத்தோடு ஒக்ஸ்போர்ட் வந்து சேர்ந்தார். பெரிய வைத்தியசாலையொன்றை நிர்வகித்தவருக்கு அங்கு கிடைத்தது ஆராய்ச்சிப் பணி மாத்திரமே. நோயாளரைத் தாமே பொறுப்பேற்றுப் பார்க்கும் வாய்ப்பின்றி அவர் மனம் வருந்தினார். படித்த படிப்புக்கும் பார்க்கும் தொழிலுக்கும் தொடர்பின்றி வாழும் எம்மவர் பலருக்கு அந்த வருத்தம் நன்கு விளங்கும்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை

1943இல், ஐரோப்பாவில் நேச நாடுகள் தரையிறங்கும் நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. பெருந்தொகையானோர் முள்ளந்தண்டுக் காயத்துடன் வருவர் என எதிர்பார்த்த பிரித்தானிய அரசு, அவர்களுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை அமைக்கத் தீர்மானித்தது. எவரும் விரும்பாத பணி அது. குட்மனின் சகாக்கள், நம்பிக்கையற்ற இவ்வேலைக்காக ஒக்ஸ்போர்டை விட்டுப் போகின்றாரே என வியந்தனர். அவரோ ஒரேயொரு நிபந்தனை விதித்தார்: வைத்திய முறையைத் தீர்மானிக்கும் உரிமை தமக்கே இருத்தல் வேண்டும். 1944 பெப்ரவரி 1ஆம் திகதி, இலண்டனுக்கு வடமேற்கே எயில்ஸ்பரிக்கு அண்மையிலுள்ள ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில், ஒரு சில கட்டில்களோடும் ஒரேயொரு நோயாளியோடும் அப்பிரிவு திறக்கப்பட்டது.

அவர் கையாண்ட முறையை ஆராயும்போது எம்மை ஈர்ப்பது அதன் எளிமையாகும். அறுந்த முண்ணாணை ஒட்டவைக்க அவராலும் முடியவில்லை. இன்றைய மருத்துவத்தாலும் அது முடியவில்லை. ஆகவே அவர் வேறொரு கேள்வியைக் கேட்டார்: இம்மனிதர் எதனால் இறக்கின்றார்? அதனை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே வழி தேடினார்.

முதலாவது, படுக்கைப் புண். நாம் ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்தால் வலி எடுக்கின்றது. நித்திரையிலும் அறியாமலே புரள்கின்றோம். உணர்வற்ற உடலுக்கு அந்த எச்சரிக்கை வருவதில்லை. எலும்புக்கும் மெத்தைக்கும் இடையே நசிபடும் தசையில் இரத்த ஓட்டம் நின்று, சதை அழுகிப் புண்ணாகின்றது. குட்மன் பாரிஸ் சாந்துக் கட்டுகளை அகற்றிவிட்டு, தலையணைகளை அடுக்கி முறிந்த முதுகை நேராக இருத்தினார். இரவும் பகலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, பலர் சேர்ந்து தூக்கி, ஒவ்வொரு நோயாளியையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என விதித்தார். ஒரு நாளைக்கு 12 தடவை. தாதியர் முணுமுணுத்தனர். நள்ளிரவுக்குப் பின் பிரிவின் தலைவரே நேரில் வந்து, உரிய நேரத்தில் புரட்டப்பட்டார்களா எனப் பார்ப்பதுண்டு. மருந்துச் செலவில்லாத இந்த வைத்தியத்தினால் ஆறாத புண்கள் ஆறின. புதியவை வராது தடுக்கப்பட்டன.

இரண்டாவது, சிறுநீர். பை நிரம்பியதை நோயாளி உணரார். தாமாக வெளியேற்றவும் இயலாது. தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகிச் சிறுநீரகத்தைத் தாக்கும். நிரந்தரமாகக் குழாயைச் செருகி வைத்தாலும் அக்குழாயே கிருமிக்குப் பாதையாகிவிடும். எனவே குறித்த நேரத்துக்கு, மிகுந்த தூய்மையோடு குழாயை இட்டு, சிறுநீரை வெளியேற்றி, உடனே எடுத்துவிடும் முறையைக் குட்மன் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார். தொடக்கத்தில் இதனை வைத்தியர்களே செய்தனர். பின்னர் 1972இல் அமெரிக்க நிபுணர் ஜாக் லப்பிடஸ், கைகளைச் சுத்தமாகக் கழுவி நோயாளியே இதனைச் செய்துகொள்ளலாம் எனக் காட்டினார். இன்று உலகெங்கும் பல்லாயிரக்கணக்கானோர் அவ்வாறே செய்து, வேலைக்கும் பயணத்துக்கும் போய் வருகின்றனர். பெனிசிலின் போன்ற புதிய மருந்துகளும் அக்காலத்தில் கைகொடுத்தன என்பதையும் குறிப்பிட வேண்டும். எனினும் மருந்து மாத்திரம் போதியிருக்காது.

இன்னொரு நுட்பமான விடயமும் அங்கு கண்டறியப்பட்டது. நெஞ்சுக்கு மேற்பட்ட பகுதியில் முண்ணாண் அறுந்தோருக்குச் சிறுநீர்ப் பை நிரம்பும்போது தலையிடியும் வியர்வையும் தோன்றி, இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடும். குட்மனும் டேவிட் விற்றரிட்ஜும் 1947இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டனர். இத்தகைய நோயாளரைப் பராமரிக்கும் குடும்பத்தினர் இந்த அடையாளத்தைத் தெரிந்து வைத்திருப்பது உயிர் காக்கும். திடீரெனக் கடும் தலையிடி என்றால், ஆளை நிமிர்த்தி இருத்தி, சிறுநீர் போகின்றதா என உடனே பார்க்க வேண்டும்; தணியாவிட்டால் தாமதியாது வைத்தியசாலையை நாட வேண்டும்.

கண்ணாடியும் வில்லும்

உயிர் பிழைத்தாயிற்று. அடுத்தது என்ன? இடுப்புக்குக் கீழே உணர்வற்ற ஒருவர் கட்டிலில் எழுந்து இருந்தால், தம் உடல் எப்பக்கம் சாய்கின்றது என்பதை அறியாது சரிந்து விழுவார். குட்மன் அவர்களைக் கண்ணாடி முன்னால் இருத்தினார். தசை சொல்லாத செய்தியைக் கண் சொல்லட்டும் என்பது அவர் எண்ணம். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து நிமிரப் பழகியோர், காலப்போக்கில் கண்ணாடி இன்றியும் நிமிர்ந்து இருந்தனர். ஓர் அவயவம் இழந்த வேலையை இன்னொன்றுக்குக் கற்பிப்பதே அவருடைய உபாயம்.

பிறகு வேலை. வைத்தியசாலையிலேயே தச்சுப் பட்டறையும் மணிக்கூடு திருத்தும் பட்டறையும் அமைக்கப்பட்டன. கட்டிலில் கிடந்து காலத்தைக் கழிக்க அவர் எவரையும் விடவில்லை. வரி செலுத்தும் பிரசைகளாக இவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அவருடைய நோக்கம். கண்டிப்பானவர், கோபக்காரர், சொன்னது நடக்காவிடில் சத்தமிடுபவர் என்றெல்லாம் அவரைப் பற்றிக் குறை சொன்னோர் உண்டு. அதே நோயாளர்தாம் அவரை 'பப்பா' என்று அழைத்தனர். பரிதாபப்பட்டு விட்டுக் கொடுக்கும் உறவினரையே கண்டிருந்த அவ்விளைஞர்கள், தம்மிடம் எதையேனும் எதிர்பார்த்த ஒரு மனிதரை அங்குதான் கண்டனர்.

விளையாட்டும் இவ்வழியிலேயே பிறந்தது. குட்மனும் உடற்பயிற்சி ஆசிரியரான ஹில்லும் சக்கர நாற்காலிகளில் அமர்ந்து, தடிகளால் வட்டொன்றை அடித்துப் பார்க்க, அதுவே சக்கர நாற்காலிப் போலோ ஆயிற்று. நாற்காலிகள் மோதி உடைந்தமையால் அது கைவிடப்பட்டு, கூடைப்பந்தாட்டம் இடம்பெற்றது. வில்வித்தையை அவர் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வில்லை வளைப்பதால் தோளும் முதுகும் உரம் பெறும். அன்றியும், வில்லெடுத்து நிற்பவரும் நாற்காலியில் இருப்பவரும் சமமாகப் போட்டியிடக்கூடிய விளையாட்டு அது. பிற்காலத்தில், 1984இல், நியூசிலாந்தின் நெரோலி பெயார்ஹோல் என்னும் பெண்மணி சக்கர நாற்காலியில் இருந்தபடியே லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் வில்வித்தையிற் பங்குபற்றி அதனை உலகறியச் செய்தார்.

1948 யூலை 29ஆம் திகதி, இலண்டனில் ஒலிம்பிக் விழா தொடங்கிய அதே நாளில், ஸ்ரோக் மண்டவில் புற்றரையில் 14 ஆண்களும் 2 பெண்களுமாக 16 பேர் வில்வித்தைப் போட்டியில் இறங்கினர். 1952இல் நெதர்லாந்தின் முன்னாள் போர்வீரர்கள் சேர்ந்ததும் அது சர்வதேச விழாவாயிற்று. 1960இல் ரோம் நகரில் 23 நாடுகளிலிருந்து 400 பேர் கூடினர். அதுவே முதலாவது பராலிம்பிக் எனக் கொள்ளப்படுகின்றது. 1972இல் விழா நடைபெற்றதோ ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரில். அவரைத் துரத்திய நாடு, அவர் தொடங்கிய விழாவுக்குக் கதவு திறந்தது. இந்திய இராணுவத்தில் இருந்து 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டுக் காயங்களால் முடக்கப்பட்ட முரளிகாந்த் பெட்கர், அங்கு நீச்சலில் இந்தியாவின் முதலாவது பராலிம்பிக் தங்கத்தை வென்றார். எம்மவர் பெருந்தொகையாக வாழும் ரொறன்ரோவில் 1976இல் நடந்த விழாவில், பார்வை இழந்தோரும் அவயவம் இழந்தோரும் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டனர்.

குட்மன் 1945இல் பிரித்தானியப் பிரசையாகி, 1966இல் 'சேர்' பட்டம் பெற்று, 1980 மார்ச் 18ஆம் திகதி காலமானார். 2012 இலண்டன் பராலிம்பிக்கில் வீரர் கிராமத்தின் முதல்வராகப் பணியாற்றியவர், அன்று அகதிக் குழந்தையாக வந்த அவரது மகள் ஈவா. 2024இல் பாரிஸ் விழாவுக்கான தீபம் ஏற்றப்பட்டதும் ஸ்ரோக் மண்டவிலிலேயே.

வேலூரில் ஒரு வைத்தியை

இம்மருத்துவம் தமிழ் மண்ணுக்கு வந்த கதையும் வியப்புக்குரியது. கேரளத்தைச் சேர்ந்த மேரி வர்கீஸ், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய இளம் வைத்தியை. 1954இல் வீதி விபத்தில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் போல் பிராண்ட் அளித்த ஊக்கத்தினால், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் மடங்கிய கைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யக் கற்றார். பின்னர் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரிலும், நியூயோர்க்கிலும் புனர்வாழ்வு முறைகளைக் கண்டும் பயின்றும் திரும்பி, வேலூரிலே புனர்வாழ்வு மருத்துவத் துறையைத் தொடக்கி வைத்தார். அங்குள்ள நிலையம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. குட்மன் வெளியிலிருந்து கண்ட சிக்கலை உள்ளிருந்தே கண்டவர் இவர்.

எமக்குள்ள கடமை

2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது, முள்ளந்தண்டில் எறிகணைச் சிதறல் தாங்கியோர் வன்னியில் பலர் இருந்தனர். அவர்களுள் இன்றும் கட்டிலோடு கட்டிலாகக் கிடப்போர் உண்டு. புலம்பெயர்ந்த வீடுகளிலும், வாகன விபத்தாலும் தொழில் விபத்தாலும் முடக்கப்பட்டோர் உள்ளனர். இவர்களைப் பற்றிப் பேசும்போது எமது வாயில் முதலில் வரும் சொல் 'பாவம்'. அடுத்தது 'விதி'. விருந்தினர் வந்தால் பின்னறைக் கதவு சாத்தப்படுகின்றது. கொண்டாட்டங்களுக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. அழைத்தாலும், மண்டப வாசலில் ஏழு படிகள்.

அன்பில்லாமையால் எவரும் இப்படிச் செய்வதில்லை. தாய் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டுகின்றாள். ஊட்டிக் கொண்டே இருக்கின்றாள். தானே உண்ணக்கூடிய கை அவனுக்கு இருப்பதை அன்பு மறைத்து விடுகின்றது. வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் வைத்தியத்தை நான்கு பகுதியாகப் பிரித்து, அருகிருந்து பராமரிப்பவரையும் அதில் ஒரு பகுதியாகவே வைத்தார். இந்தக் காயத்தைப் பொறுத்தவரையில் பராமரிப்பவரின் பங்கே பெரிது. அவருக்கு வேண்டியது கண்ணீரை விட முறை: நேரத்துக்குப் புரட்டுதல், நாள்தோறும் தோலைப் பார்த்தல், சுத்தமான குழாய், சரியான இருக்கை, அமுக்கத்தைக் குறைக்கும் மெத்தை.

ஊருக்குப் பணம் அனுப்பும் சங்கங்களிடம் ஒன்று கேட்கின்றோம். ஒரு நாள் அன்னதானத்துக்கும் ஒரு புகைப்படத்துக்கும் செலவிடுவதில் ஒரு பங்கை, ஒருவருக்குரிய மெத்தைக்கும், மாதந்தோறும் வேண்டிய குழாய்களுக்கும், பராமரிப்போரைப் பயிற்றுவதற்கும் ஒழுங்காக ஒதுக்குங்கள். அதன் பின், அவர் கையால் செய்யக்கூடிய தொழில் எதுவென்று அவரிடமே கேளுங்கள். தையலோ, கணினியோ, வானொலி திருத்துவதோ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதோ, அவர் சொல்வதே சரியான விடையாக இருக்கும். இங்கே மண்டபம் பதிவு செய்யும் ஒன்றியங்கள், வாடகையைக் கேட்குமுன் சாய்தளம் உண்டா என்று கேட்கட்டும்.

மறைப்புக்குப் பின்னால் கிடத்தப்பட்ட ஒரு சுரங்கத் தொழிலாளியைக் கண்ட பதினெட்டு வயது இளைஞர், இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, அந்நிய நாடொன்றில் அகதியாக இருந்துகொண்டே அந்த மறைப்பை விலக்கினார். எமது வீடுகளின் பின்னறைக் கதவுகளைத் திறப்பதற்கு நாம் வைத்தியர்களாக இருக்க வேண்டியதில்லை.